தோற்ற யோசனையை நீக்கியதும் கடைசியில் இருந்தது முதலிடம் வந்துவிட்டது: நகர மன்றம் எந்த முடிவெடுக்கும் முறையை நம்புவது?

பச்சைமை:

60,000 பேர் வாழும் ஊர். நாளொன்றுக்கு 30 டன் குப்பை, அதில் பாதி மக்கும் குப்பை. இப்போது எல்லாமே குப்பைக் கிடங்குக்குத்தான் போகிறது. கிடங்கில் 60,000 கன மீட்டர் இடம்தான் மிச்சம். மன்றத்தின் முன் நான்கு யோசனைகள் இருக்கின்றன:

அ: ஊருக்கு வெளியே ஒரே பெரிய உரக்கூடம்
ஆ: வார்டுதோறும் சிறு உரக்கூடங்கள்
இ: மக்கும் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை
ஈ: எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை

ஆலோசகர் தந்த எக்செல் தாளில் உள்ள எண்கள் (அ, ஆ, இ, ஈ என்ற வரிசையில்):

20 ஆண்டுச் செலவு (அ-வின் செலவை 100 என்று வைத்து): 100, 120, 150, 260
தினமும் கிடங்குக்குப் போகும் டன்: 19, 17, 18, 8
நாற்றம் எட்டும் வீடுகள்: 40, 400, 60, 150
தொடங்க ஆகும் மாதங்கள்: 12, 6, 24, 48

வெயிட்டேஜ்: கிடங்குச் சுமை 40, செலவு 30, நாற்றம் 20, வேகம் 10. ஒவ்வொரு வரிசையிலும் மிக மோசமானதற்கு 0, மிகச் சிறந்ததற்கு 1, இடைப்பட்டவற்றுக்கு விகிதப்படி. மொத்தம் போட்டால் அ 58.6, ஈ 53.9, இ 48.9, ஆ 43.5.

ஈ நம் அளவுக்குப் பொருந்தாது என்று பொறியியல் பிரிவு சொன்னதால் அந்தப் பத்தியை மட்டும் அழித்தோம். வேறெதையும் தொடவில்லை. தாள் தானாகவே மறுபடி கணக்கிட்டது: ஆ 68, அ 56.7, இ 38.9. கடைசியில் இருந்த ஆ முதலிடத்துக்கு வந்துவிட்டது. "வேண்டியபடி வளைத்த கணக்கு" என்று மன்றத்தில் சத்தம்.

என் கேள்விகள் இரண்டு. இது தாளில் உள்ள பிழையா, முறையிலேயே உள்ள பிழையா? ஏஎச்பி, செலவு-பயன் ஆய்வு, டிபிஎஸ்ஐஆர் என்று பல பெயர்கள் சொல்கிறார்கள். எதற்கு மாறினால் இந்த வம்பு வராது?

---

தராசுமுள்:

சூத்திரத்தில் பிழை இல்லை, நான் போட்டுப் பார்த்தாலும் அதே எண்கள்தான் வருகின்றன. பிழை 40 என்ற எண்ணில் இருக்கிறது. அந்த 40 எதற்குக் கொடுத்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஈ தாளில் இருந்தபோது கிடங்குச் சுமை 19 டன்னிலிருந்து 8 டன் வரை விரிந்திருந்தது. அதாவது 40 புள்ளி 11 டன் வித்தியாசத்துக்கான விலை. ஈ போனதும் விரிவு 19-க்கும் 17-க்கும் இடையில் சுருங்கிவிட்டது. இப்போது அதே 40 புள்ளி வெறும் 2 டன்னுக்குக் கிடைக்கிறது. ஒரு டன்னின் மதிப்பு 3.6 புள்ளியிலிருந்து 20 புள்ளிக்கு ஏறிவிட்டது. அதை ஏற்றச் சொல்லி யாரும் தீர்மானம் போடவில்லை, தாள் தானாக ஏற்றிக்கொண்டது. அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு ஆ-வின் கணக்கில் போய் விழுந்தது, அவ்வளவுதான்.

சரி செய்ய வேண்டுமென்றால் விரிவு சுருங்கிய விகிதத்திலேயே வெயிட்டேஜையும் சுருக்க வேண்டும். சுமை 40 × 2/11 = 7.3. செலவு 30 × 50/160 = 9.4. நாற்றத்தின் விரிவு மாறவில்லை, 20 அப்படியே. வேகம் 10 × 18/42 = 4.3. இப்படிப் போட்டால் அ 32.2, இ 22.5, ஆ 17.2. ஈ இருந்தபோது அ-வுக்கும் ஆ-வுக்கும் இருந்த 15 புள்ளி இடைவெளி இப்போதும் அப்படியே இருக்கிறது பாருங்கள். சரியான கணக்கில் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் பழைய 40-30-20-10 ஒரு நாற்காலியில் உட்கார்ந்து யோசித்த எண்கள். அவற்றைச் சுருக்கித் திருத்துவதைவிட மறுபடி கேட்பதே நல்லது. "சுற்றுச்சூழல் முக்கியமா, செலவு முக்கியமா" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை. எவ்வளவு சுற்றுச்சூழல், எவ்வளவு செலவு என்று தெரியாமல் யாரும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. கேட்க வேண்டியது இப்படி:

எல்லாவற்றிலும் மோசமான ஒரு கற்பனை யோசனையை எழுதுங்கள்: செலவு 150, கிடங்குக்கு 19 டன், நாற்றத்தில் 400 வீடு, தொடங்க 24 மாதம். இதில் ஒன்றே ஒன்றை மட்டும் சிறந்த நிலைக்குத் தூக்கலாம் என்றால் எதை முதலில் தூக்குவீர்கள்? அதற்கு 100 புள்ளி. அடுத்தது எது, முதல் தாவலோடு (மோசத்திலிருந்து சிறந்ததற்கு ஏறுவதோடு) ஒப்பிட்டால் எத்தனை? உதாரணமாக ஓர் உறுப்பினர் நாற்றம் 400-லிருந்து 40 ஆவதற்கு 100, செலவு 150-லிருந்து 100 ஆவதற்கு 80, 24 மாதம் 6 ஆவதற்கு 60, 19 டன் 17 ஆவதற்கு 20 கொடுத்தார் என்று வையுங்கள். மொத்தம் 260. அ-வுக்கு 80 + 0 + 100 + 40 = 220. ஆ-வுக்கு 48 + 20 + 0 + 60 = 128. இ-க்கு 104.

இதன் பிறகு செய்யும் சோதனைதான் மன்றத்துக்கு உண்மையில் பயன்படும். மற்ற மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு சுமையின் புள்ளியை மட்டும் ஏற்றிக்கொண்டே போங்கள். 112-ஐத் தாண்டும்போதுதான் ஆ வெல்லும். ஆக, மொத்தச் சண்டையும் ஒரே கேள்வியாகச் சுருங்குகிறது: கிடங்குக்குப் போவதில் 2 டன் குறைவது, 360 வீடுகளை நாற்றத்திலிருந்து காப்பதைவிடப் பெரிய நன்மையா? ஆம் என்பவர் கை தூக்கட்டும். சதவீதத்தைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை.

இரண்டு நடைமுறை விதிகள். விளைவு எண்களை (டன், வீடு, மாதம்) அதிகாரிகள் நிரப்ப வேண்டும். புள்ளிகளை உறுப்பினர்கள் தர வேண்டும். ஒருவர் மற்றவர் வேலையில் கை வைத்தால் தாள் கெட்டுப்போகும். பொறியாளர் வெயிட்டேஜ் போட்டால் அது அரசியல், உறுப்பினர் டன் எண்ணிக்கையை மாற்றினால் அது பொய். இரண்டாவது, புள்ளிகளைப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். முதலில் பேசுபவரின் எண்ணைச் சுற்றியே மற்றவர்கள் எண்ணும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஈ பற்றி: அதை மதிப்பெண் தாளுக்குள் விட்டதே தவறு. உலக வங்கி 1999-இல் வெளியிட்ட குப்பை எரிப்பு வழிகாட்டியில், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 டன் வேண்டும், எரிதிறன் சராசரி கிலோவுக்கு 7 மெகாஜூலுக்குக் குறையக்கூடாது, எந்தப் பருவத்திலும் 6-க்குக் கீழே போகக்கூடாது என்று இருக்கிறது. உங்களிடம் இருப்பது ஆண்டுக்கு 10,950 டன், அதில் பாதி ஈரக் குப்பை. இது வாசலிலேயே நிறுத்த வேண்டிய யோசனை. சட்ட வரம்பு, இடைவெளி விதி, குறைந்தபட்ச அளவு எல்லாம் வாசல்கள். அவற்றுக்கு மதிப்பெண் போட்டால், "சட்டத்தை மீறுகிறது, ஆனால் மலிவு" என்பதும் ஒரு நல்ல யோசனையாகத் தோன்றிவிடும்.

---

மேடுபள்ளம்:

பெயர்களைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில்.

டிபிஎஸ்ஐஆர் முடிவெடுக்கும் முறையே இல்லை. ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை 1990-களில் பரவலாக்கிய சட்டகம் அது: எது தூண்டுகிறது, எது அழுத்துகிறது, நிலை என்ன, பாதிப்பு என்ன, என்ன செய்கிறோம் என்று ஐந்து பெட்டிகளில் பிரச்சினையை வரிசைப்படுத்தும். எந்தப் பெட்டியில் கை வைக்கிறோம் என்று தெரிந்துகொள்ள நல்லது. உங்கள் நான்கு யோசனைகளும் குப்பை உருவான பிறகான கட்டத்தில்தான் கை வைக்கின்றன என்பது அதைப் போட்டுப் பார்த்தாலே தெரியும். குப்பை உருவாவதையோ தரம் பிரிப்பதையோ தொடும் யோசனை ஒன்றுகூட இல்லை. அதைச் சொல்லிவிட்டு டிபிஎஸ்ஐஆர் ஒதுங்கிக்கொள்ளும். அ, ஆ இரண்டில் எது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

ஏஎச்பி: தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கியது. அளவுகோல்களை இரண்டிரண்டாக எடுத்து 1 முதல் 9 வரை ஒப்பிட வேண்டும். நான்கு அளவுகோலுக்கு 6 ஒப்பீடு, ஏழுக்கு 21. பதில்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்று பார்க்க ஒரு விகிதம் உண்டு, 0.10-ஐத் தாண்டினால் திரும்பக் கேட்க வேண்டும். அந்தச் சோதனை நல்லதுதான். ஆனால் "செலவைவிட நாற்றம் எத்தனை மடங்கு முக்கியம்?" என்று விரிவைச் சொல்லாமலே கேட்பது அதன் வழக்கம். தராசுமுள் காட்டிய ஓட்டை அங்கேயும் அப்படியே இருக்கிறது. ஒரு யோசனையைச் சேர்த்தாலோ நீக்கினாலோ மற்றவற்றின் வரிசை மாறிப்போவது ஏஎச்பி மீது 1980-களிலிருந்தே இருக்கும் குற்றச்சாட்டு. இந்த வம்பிலிருந்து தப்பிக்க அங்கே போனால் அதே வம்பு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும்.

செலவு-பயன் ஆய்வு: எல்லாவற்றையும் பணமாக மாற்ற வேண்டும். பெரிய அணை, பெரிய பாலம் என்றால் அந்த உழைப்புக்குப் பலன் உண்டு. இந்த அளவுக்கு அவசியமில்லை. ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: செலவு வரிசையைச் சரியாகப் போடுவது. இங்கே தள்ளுபடி விகிதம் (எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டுச் சதவீதம்) கழுத்தை அறுக்கும். 30-ஆம் ஆண்டில் வரும் 100 அலகு செலவு, 3% விகிதத்தில் இன்றைக்கு 41 அலகு. 8% என்றால் 10 அலகுதான். கிடங்கை மூடிய பின்னும் கசிவுநீர், வாயு, மேல்மூடி மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999 கிடங்கு வழிகாட்டு நெறி, அந்தப் பிற்காலப் பராமரிப்புக்குக் குறைந்தது 30 ஆண்டுச் செலவைக் கட்டணத்திலேயே சேர்க்கச் சொல்கிறது. உங்கள் தாளில் "20 ஆண்டுச் செலவு" என்று இருக்கிறது. மூடிய பின் ஆகும் செலவு அதில் அநேகமாக இல்லை. மூன்று யோசனையிலும் அது ஏறத்தாழ ஒரே தொகை என்பதால் வரிசை மாறாது. ஆனால் பட்ஜெட்டில் அது இல்லாவிட்டால் பத்தாவது ஆண்டில் தெரியும்.

இன்னொன்று: கரிம வாயுக் கணக்கு ஏன் இல்லை என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். கிடங்கில் புதைந்த மக்கும் குப்பை விடும் மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். மிகப் பெரிய விஷயம். ஆனால் அ, ஆ, இ மூன்றும் தினமும் 11 முதல் 13 டன்னை விலக்குகின்றன. எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் அளவுகோல் எவ்வளவு பெரிதானாலும் தேர்வைத் தீர்மானிக்காது. "ஒன்றும் செய்யாமல் விடுவது" என்ற ஐந்தாவது பத்தியைச் சேருங்கள், அங்கேதான் அந்தக் கணக்கு பேசும். அந்தப் பத்தி இல்லாத விளைவு அட்டவணையை எந்த மன்றமும் ஏற்கக்கூடாது.

---

வாய்க்கால்:

தராசுமுள் சொன்ன தாவல் கணக்கு சரி. ஆனால் அவர் அளவுகோல்களை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார். "கிடங்குக்கு டன்", "தொடங்க மாதம்" இரண்டும் தனித்தனி இலக்கு இல்லை. 2 டன் குறைந்தால் யாருக்கு என்ன? சீக்கிரம் தொடங்கினால் என்ன? "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே போனால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வருகிறது: கிடங்கு நிறையும் நாள் தள்ளிப் போகிறது. ஒரே நன்மைக்கு இரண்டு முறை புள்ளி. அதனால் லாபம் அடைந்தது ஆ.

இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்போம். அமுக்கிய குப்பை ஒரு கன மீட்டருக்கு 0.8 டன் என்று வைக்கிறேன். (சரியான அமுக்கு இயந்திரம் இல்லாமல் புல்டோசரால் தள்ளிவிடும் கிடங்கென்றால் இதைவிடக் குறையும், அங்கே எல்லா ஆண்டுகளும் சுருங்கும்.) இப்போதைய 30 டன் ஆண்டுக்கு 13,688 கன மீட்டரை விழுங்குகிறது.

அ: முதல் 12 மாதம் பழைய வேகத்தில் 13,688 போகும். மிச்சம் 46,312. பிறகு 19 டன், ஆண்டுக்கு 8,669. மொத்தம் 6.3 ஆண்டு.
ஆ: முதல் 6 மாதத்தில் 6,844. மிச்சம் 53,156. பிறகு 17 டன், ஆண்டுக்கு 7,756. மொத்தம் 7.4 ஆண்டு.
இ: 24 மாதத்தில் 27,375. மிச்சம் 32,625. பிறகு 18 டன், ஆண்டுக்கு 8,213. மொத்தம் 6 ஆண்டு, ஒரு பொட்டுக் குறைவு.

ஆக இப்போது மூன்றே அளவுகோல்: செலவு, நாற்றம், கிடங்கின் ஆயுள். நாற்றத்துக்கு 100, செலவுக்கு 80 என்று அதே புள்ளிகளை வைத்தால், ஆயுளுக்கு (6 ஆண்டு 7.4 ஆவதற்கு) 180-க்கு மேல் கொடுத்தால்தான் ஆ வெல்லும். அ-வே நிற்கிறது. காரணம் தெளிவாகியிருக்கிறது.

ஆனால் எனக்கு இதைவிட உறுத்துவது வேறு. புதிய இடம் தேடி, மண் சோதனை, நீர்மட்டச் சோதனை, அனுமதி, மறுப்பு, வழக்கு, அடியில் படலம் போடுவது எல்லாம் முடிய 5 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தாமதத்துக்குப் பாதுகாப்பாக 1 ஆண்டு கைகாவல். அதாவது கிடங்கில் 6 ஆண்டுக்கான இடம் மிச்சமிருக்கும்போதே அடுத்த ஏற்பாட்டைத் தொடங்கியாக வேண்டும். அ-வைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு 4 மாதம் இருக்கிறது. ஆ என்றால் 16 மாதம். இ என்றால் இன்றைக்கே கோட்டைத் தாண்டியாகிவிட்டது. எந்த யோசனை வென்றாலும் மன்றம் இந்த ஆண்டு எடுக்க வேண்டிய பெரிய முடிவு அஜெண்டாவிலேயே இல்லை!

இதைத்தான் எச்சரிக்கைக் கோட்டு முறை என்கிறோம். எதிர்காலத்தை ஒரே எண்ணாகக் கணித்து அதற்குத் திட்டம் போடுவதில்லை. எந்த அளவீடு எந்தக் கோட்டைத் தொட்டால் எந்த அடுத்த படிக்கு மாறுவது என்பதை முன்னதாகவே எழுதி வைப்பது. லண்டனின் தேம்ஸ் முகத்துவார வெள்ளத் திட்டம் (2012, புதுப்பித்தது 2023) இப்படித்தான் அமைந்திருக்கிறது. கடல்மட்டம் எவ்வளவு உயரும் என்று உறுதியாகத் தெரியாத நிலையில், 2070-இல் தேவைப்படும் தடுப்பு எது என்ற முடிவை 2040-க்குள் எடுக்க வேண்டும் என்று முன்தயாரிப்புக் காலத்தைக் கழித்து நாள் குறித்திருக்கிறார்கள். சிறு ஊருக்கும் அதே சூத்திரம்தான்: கோடு = ஆண்டு நுகர்வு × (முன்தயாரிப்பு ஆண்டு + கைகாவல்). அ-வுக்கு 8,669 × 6 = ஏறத்தாழ 52,000 கன மீட்டர். ஆனால் முதல் ஆண்டு பழைய வேகம் என்பதால் உண்மையான கோடு ஏறத்தாழ 55,300-இல் வரும். இன்றைக்கு இருப்பது 60,000.

கோட்டை வரைந்தால் மட்டும் போதாது. யார் அளப்பார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, கோட்டைத் தொட்டதும் யார் மேஜைக்குக் கோப்பு போகும் என்ற மூன்றும் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். கிடங்கின் கொள்ளளவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வே எடுத்து, எடைமேடைப் பதிவோடு ஒப்பிட்டால் அடர்த்தி 0.8 தானா என்பதும் தெரிந்துவிடும்.

---

பச்சைமை:

எல்லோருக்கும் நன்றி. இரட்டைக் கணக்கு எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. ஒரே ஒரு சந்தேகம். ஆ-வைத் தோற்கடிப்பது 400 வீடு என்ற எண்தான். அது ஒவ்வொரு வார்டுக் கூடத்தைச் சுற்றியும் ஒரே அளவு வட்டம் போட்டு எண்ணியது. அவ்வளவு நம்பகமானதா? இதற்குத் தனி ஆய்வுக்குச் செலவு செய்யலாமா?

---

உரக்குழி:

ஆய்வுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: அந்த எண் மாறினால் முடிவு மாறுமா? மாறாதென்றால் ஆய்வு வீண் செலவு. இங்கே மாறும். போட்டுப் பாருங்கள்: 400 என்பது 90 ஆகிவிட்டால் ஆ-வுக்கு நாற்றத்தில் 0-க்குப் பதில் 86 கிடைக்கும். அப்போது கிடங்கு ஆயுளுக்கு 63 புள்ளிக்கு மேல் கொடுத்தாலே ஆ வென்றுவிடும். வாய்க்கால் சொன்ன நான்கு மாத நெருக்கடியைக் கேட்ட பிறகு பலர் அதற்கு மேலேதான் கொடுப்பார்கள். ஆகவே இது ஆராயத் தகுந்த எண்தான்.

ஆனால் 400-ஐ அளப்பதைவிட 400-ஐக் குறைப்பது மலிவு. வார்டுக்கு ஒன்று என்ற பிடிவாதத்தை விடுங்கள். சந்தை, மண்டபம், விடுதி, பூங்கா போன்று குப்பை மொத்தமாக வரும் இடங்களுக்கு அருகே, சுற்றிலும் வீடு குறைந்த இடமாகப் பார்த்து நாலைந்து கூடங்கள் வையுங்கள். மிச்சக் குப்பை அ-வுக்குப் போகட்டும். அ-வும் ஆ-வும் எதிரெதிர் யோசனைகள் என்று யார் சொன்னது? ஆ ஆறாவது மாதத்திலேயே சுமையைக் குறைக்கத் தொடங்கும், அ பன்னிரண்டாவது மாதம் சேர்ந்துகொள்ளும். கலப்புக்குத் தனிப் பத்தி போட்டுச் செலவைப் புதிதாகக் கணக்கிடுங்கள். இரண்டின் செலவையும் கூட்டவோ சராசரி எடுக்கவோ கூடாது. விளைவு அட்டவணையின் பெரிய பயன் வெற்றியாளரைக் காட்டுவது இல்லை. தோற்றது எங்கே தோற்கிறது என்று காட்டி, அந்த இடத்தை மட்டும் திருத்த வைப்பது.

வட்டம் போட்டு எண்ணியதில் உள்ள குறை: நாற்றம் வட்டமாகப் பரவாது. காற்று அதிகம் வீசும் திசையில் நீளும், காற்று அசையாத அதிகாலையில் பள்ளமான பக்கம் தேங்கும். ஒவ்வொரு இடத்துக்கும் காற்றுத் திசைத் தரவை வைத்து நீள்வட்டமாக வரைந்து எண்ணினாலே முதல் கட்டத்துக்குப் போதும். எந்த வீடுகள் என்பதையும் எழுதுங்கள். ஏற்கெனவே கிடங்கு நாற்றத்தில் இருக்கும் தெருவே மறுபடி பட்டியலில் வந்தால், மொத்த எண்ணிக்கை குறைந்தாலும் அது வேறு பிரச்சினை. சராசரியில் அது தெரியாது.

அதோடு நாற்றம் இடத்தால் மட்டும் வருவதில்லை, நடத்துவதால் வருகிறது. குவியலில் கார்பன்-நைட்ரஜன் விகிதம் 25 முதல் 30 வரை, ஈரம் 50 முதல் 60% வரை. சமையல் கழிவு மட்டும் போட்டால் ஈரமும் நைட்ரஜனும் எகிறும், குவியல் அமுங்கிக் காற்றுப் போகாது, அழுகல் நாற்றம் தொடங்கும். காய்ந்த இலை, மரத்தூள், நறுக்கிய கிளை ஏதாவது கூடவே கலக்க வேண்டும். அவற்றைச் சேர்த்து வைக்க இடம் இல்லாத சிறு கூடம் நாறியே தீரும். நீள்வரிசைக் குவியல் என்றால் நோய்க்கிருமி அழிய 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் ஐந்து முறை புரட்டல் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் விதி. புரட்டும் இயந்திரம் ஒரு வாரம் பழுதானால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அ-வில் ஒரு மாற்று இயந்திரம் போதும். ஆ-வில் ஒவ்வொரு வார்டுக் கூடத்திலும் ஆள் பிரச்சினை. உங்கள் தாளில் உள்ள 120-இல் விடுமுறை மாற்று ஆள், காய்ந்த சேர்மானம், பழுது இவையெல்லாம் இருக்கின்றனவா? இல்லையென்றால் 400-க்கு முன்னால் 120-ஐச் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, "பாதி மக்கும் குப்பை" என்பது எப்படி வந்தது? மூன்று யோசனையும் அதன் மேல்தான் நிற்கின்றன. தொடர்ந்து ஏழு நாள், ஈரப் பருவத்தில் ஒருமுறை, வறண்ட பருவத்தில் ஒருமுறை எடுங்கள். லாரி கொட்டியதைக் கலந்து நான்காகப் பிரித்து எதிரெதிர்க் கால்பகுதிகளை எடுத்து, மறுபடி கலந்து பிரித்து, 100 கிலோ அளவுக்கு வந்ததும் கையால் தரம் பிரித்து எடை போடுவது. வீட்டுப் பகுதி, கடைப் பகுதி, சந்தை லாரிகளைத் தனித்தனியாக. ஆய்வுப் பணம் இருந்தால் முதலில் இங்கே போடுங்கள்.

---

வாய்க்கால்:

உரக்குழி சொன்ன கலப்பு யோசனையோடு ஒன்று சேர்க்கிறேன். ஆ-வின் கூடங்களை ஒரே டெண்டரில் விடாதீர்கள். முதலில் இரண்டு, ஆறு மாதம். அளவீடு: வாரப் புகார் எண்ணிக்கை, உள்ளே வந்த டன், உரமாகாமல் கிடங்குக்குத் திரும்பிய டன், புரட்டல் தவறிய நாள். திரும்பிய டன் எத்தனை சதவீதத்தைத் தாண்டினால் விரிவாக்கம் நிற்கும் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். நடந்த பிறகு எழுதினால் நடந்ததற்கு ஏற்றபடிதான் எழுதுவார்கள்.

---

தராசுமுள்:

இரட்டைக் கணக்கு என் கண்ணிலும் படவில்லை, வாய்க்கால் சொன்னதே சரி. பச்சைமை, தாளைத் திருத்தும்போது தீர்மானத்தோடு ஒரே பக்கம் இணையுங்கள்: மூன்று அளவுகோலும் அவற்றின் விரிவும், வாசலில் நின்ற யோசனையும் காரணமும், உறுப்பினர்கள் கொடுத்த புள்ளிகளில் மிகக் குறைந்ததும் மிக அதிகமும் (பெயர் வேண்டாம்), எந்தப் புள்ளியில் முடிவு புரளும் என்பது. சராசரிப் புள்ளியை மட்டும் போடாதீர்கள், நாற்றத்துக்கு 100 கொடுத்தவரும் 10 கொடுத்தவரும் சேர்ந்து 55 ஆகிவிடுவார்கள், அப்படி நினைப்பவர் மன்றத்திலேயே ஒருவரும் இருக்க மாட்டார். ஒவ்வொரு உறுப்பினரின் புள்ளியையும் தனியாக ஓட்டி யாருக்கு எது வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலோருக்கு ஒன்றே வந்தால் வெயிட்டேஜ் விவாதத்தை அங்கேயே மூடிவிட்டு, கிடங்கு நிலத்துக்கான அஜெண்டாவை எடுக்கலாம். அதற்கு நான்கு மாதம்தான் இருக்கிறது.